வழிவிடுதலும் ஒரு திறன்



ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியிருக்க வேண்டிய இரவுகளில் சிலவற்றை நான் இணையவழிக் கார்ப் பந்தயத்தில் கழிக்கிறேன் என்பது விடுதி நண்பர்கள் அறிந்த செய்தி. சென்ற வாரம் அத்தகைய ஓர் இரவில் நான் செய்த பிழை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதையொட்டி எழுந்த சிந்தனைகளே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் ஒரு மணி நேரப் போட்டி. மேசையில் பொருத்திய ஸ்டீயரிங், காலடியில் பெடல்கள், எதிரே கணினித் திரை. பல நாடுகளிலிருந்து முகமறியாத இருபது பேர் ஒரே தடத்தில். முடிவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், முதலிடத்தில் இருந்தவர் என்னை ஒரு முழுச் சுற்று பின்தள்ளும் நிலையில் என் பின்னால் வந்து சேர்ந்தார். திரையில் நீலக் கொடி தோன்றியது. இரண்டாமவர் அவரை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் தடையாக இருக்கலாகாது என்ற நல்லெண்ணத்தில், வளைவுக்குச் சற்று முன்பாக வேகத்தைக் குறைத்து வலப்புறம் ஒதுங்கினேன். என்னைக் கடக்க அவரும் அதே வலப்புறத்தைத் தேர்ந்திருந்தார். இருவரும் தடுப்பில் மோதி நின்றோம். நான் என் போக்கிலேயே போயிருந்தால் அவரே கடந்து போயிருப்பார் என்று உரையாடல் பெட்டியில் ஒரே வரி எழுதிவிட்டு அவர் வெளியேறினார். வசை பாடியிருந்தால் மறந்திருப்பேன்.

வழிவிடுதல் என்றால் விலகிக்கொள்ளுதல் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். பின்னால் வருபவர் நம் அடுத்த அசைவைச் சரியாகக் கணிக்கும்படி ஓட்டுவதே வழிவிடுதல் என்று இப்போது கருதுகிறேன். இவ்விரண்டும் ஒன்று போலத் தோன்றும். பல நேரங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை.

இக்குழப்பத்துக்கு ஒரு காரணம், ஒரே நீலக் கொடி வெவ்வேறு போட்டிகளில் வெவ்வேறு கடமையைச் சுட்டுவது. பார்முலா 1 போட்டியில் ஒரு சுற்று பின்தங்கியவர் நீலக் கொடி கண்டால் முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. 24 மணி நேர லெ மான் போட்டியில் வேகத்தால் வேறுபட்ட பல வகைக் கார்கள் ஒரே தடத்தில் ஓடுகின்றன. அங்கே மெதுவான வகையைச் சேர்ந்தவர் தம் தடம் மாறாமல் ஓட்டுவதும், வேகமானவர் பாதுகாப்பாகக் கடக்க இடம் தேடிக்கொள்வதும் வழக்கம். மெதுவானவருக்கும் தம் வகைக்குள் ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கிறது அல்லவா? 2008இல் வெளிவந்த ஐரேசிங் தளத்தின் விதிமுறையும் இதையொட்டியதே: நீலக் கொடி ஓர் அறிவிப்பு மட்டுமே, பாதுகாப்பாகக் கடக்கும் பொறுப்பு வேகமானவருடையது, சீரான தடத்தில் ஓட்டும் பொறுப்பு மெதுவானவருடையது. ஆயினும் பார்முலா 1 போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்தவர்கள் அங்குள்ள எதிர்பார்ப்போடுதான் இங்கு வருகிறார்கள். விதி ஏட்டில் இருக்கிறது. தடத்தில் ஆள்வது பழக்கம்.

பழக்கத்தை நம்பி அளித்த வழி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதே ஸ்பா தடத்தில் ஒரு சான்று உண்டு. 1998 ஆகஸ்ட் 30. கொட்டும் மழையில் மைக்கேல் ஷூமாக்கர் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று பின்தங்கியிருந்த டேவிட் கூல்ட்ஹார்ட் அவருக்கு வழிவிடும் நோக்கில் வேகத்தைக் குறைத்தார்; ஆனால் தடத்திலிருந்து விலகவில்லை. நீர்த்திரையில் எதுவும் தெரியாமல் வந்த ஷூமாக்கர் அவர்மீது மோதினார். அவர் கார் ஒரு சக்கரத்தை இழந்தது. கையிலிருந்த வெற்றியும் போயிற்று. தவறு தம்முடையதே என்று கூல்ட்ஹார்ட் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார். அவரது நோக்கத்தில் குறை காண இடமில்லை. அந்த நோக்கத்தைப் பின்னால் வந்தவர் அறிந்துகொள்ள வழியில்லாமற் போனதே குறை.

இணையத்தில் அந்த நீர்த்திரை எப்போதும் உண்டு என்பேன். என் திரையில் நான் காணும் பிறரது கார், அவர் இக்கணத்தில் இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. சற்று முன் வந்து சேர்ந்த தரவைக் கொண்டு, இந்நேரம் அவர் எங்கிருப்பார் என்று மென்பொருள் ஊகித்து வரைந்த படம் அது. தொலைநாட்டுச் சர்வரோடு இணையும்போது 0.2 விநாடித் தாமதம் அரிதன்று. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 0.2 விநாடிக்குள் கார் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஏறத்தாழ மூன்று கார்களின் நீளம் அது. நேராகச் செல்லும்வரை ஊகம் பொய்ப்பதில்லை. திடீரென ஒதுங்கும் கணத்தில்தான் பொய்க்கிறது. ஆகவே உண்மைத் தடத்தைவிட இணையத் தடத்தில் திடீர் மரியாதை கூடுதல் ஆபத்து.

வேகமானவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பின்னால் வந்து முகப்பு விளக்கை விடாமல் மின்னச் செய்யும் வழக்கம் பெருகிவிட்டது. நம் நெடுஞ்சாலைகளில் அதற்கு ‘நான் வருகிறேன், விலகு’ என்று பொருள். பிரிட்டன் சாலைகளிலோ பெரும்பாலும் ‘நீங்கள் முதலில் செல்லுங்கள்’ என்று பொருள். பல நாட்டவர் கூடும் தடத்தில் அந்த ஒளியை யார் எப்படிப் படிப்பார்? படிக்க இயலாத புதியவர் பதறுகிறார். பதற்றத்தில் பிரேக்கை மிதிக்கிறார்.

இன்னொன்று: ஒரே சுற்றில், இடத்துக்காகப் போட்டியிடும் இருவரிடையே வழிவிடும் கடமையே இல்லை. பின்னவர் வேகமானவர் என்றால் கடந்து காட்டட்டும். முன்னவர் தற்காப்பாக ஒருமுறை தடம் மாறலாம். பிரேக் பிடிக்கும் இடத்தில் குறுக்கே வரலாகாது. அவ்வளவே.

வேகம் ஒருபோதும் உரிமைச் சீட்டாகாது. 2018 பிரேசில் போட்டியில் ஒரு சுற்று பின்தங்கியிருந்த எஸ்தபான் ஓகோன், முதலிடத்தில் இருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனைக் கடக்க முயன்று மோதினார். புதிய டயர்களுடன் அப்போது அவர் வேகமாகவே இருந்தார். தம் சுற்றை மீட்டுக்கொள்ள அவருக்குத் தடையும் இல்லை. எனினும் மோதலுக்காகத் தண்டிக்கப்பட்டார். கடக்கலாம் என்ற அனுமதி, எப்படியும் கடக்கலாம் என்று பொருள்படாது.

‘அப்படியானால் பின்தங்கியவர் முன்னணியாளரின் போட்டியைக் கெடுக்கலாமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது. அவரோடு மல்லுக்கு நிற்பதும் பிழையே. வளைவுக்குள் எதுவும் செய்யாமல் சீராக ஓட்டி, வெளியேறி நேர்ப்பாதையில் நிலைகொண்டபின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பக்கத்திலேயே இருந்து ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் போதும். இழப்பது அரை விநாடியோ ஒரு விநாடியோதான். வளைவுக்கு முன் பதறி ஒதுங்கினால் இருவரின் ஒரு மணி நேரமும் போய்விடும்.

இதை ஒரு விளையாட்டின் சில்லறைச் செய்தி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. புதிதாக வரும் மாணவருக்கு முதல் நாளிலேயே ‘வேகமானவர் வந்தால் ஓடி ஒளி’ என்று கற்பிக்கிறோம். அவர் கண்ணாடியையே பார்த்து ஓட்டுகிறார், தம் வளைவைத் தவறவிடுகிறார், பழி சுமக்கிறார், சில வாரங்களில் விலகிவிடுகிறார். மெதுவாக ஓட்டுபவரும் அத்தடத்தில் போட்டியாளரே, பிறர் வெற்றிக்கு இடையூறாக வந்த பொருள் அல்லர் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அவர் நிதானமாக ஓட்டியிருப்பார். அந்த நிதானத்தால் வேகமானவரும் பயன் பெற்றிருப்பார்.

அந்த இரவு என்னால் போட்டியை இழந்தவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை. மீண்டும் ஒருநாள் அவர் என் பின்னால் வந்தால், நான் ஒதுங்கப்போவதில்லை. என் தடத்தில் நேராகச் செல்வேன். அதுவே மரியாதை என்பதை அவர் எனக்கு முன்பே அறிந்திருந்தார்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.