சேதாரத்தை யார் கணக்கில் எழுதுவது?

சரக்கு எடுக்கும்போது நாம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறோம். மண்டியில் என்ன விலை? வண்டி வாடகை எவ்வளவு? மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. ஏற்றிய நூறு கிலோவில் விற்பனைக்குத் தேறுவது எத்தனை கிலோ? இதைக் கேட்காதவருக்கு நோட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் இருக்காது.

பாலக்கோடு தக்காளியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. கிலோ 20 ரூபாய்க்கு 100 கிலோ வாங்குகிறோம். நேராகக் கடைக்குக் கொண்டுவந்தால் வாடகை 200 ரூபாய், அழுகல் நசுங்கல் 5 சதவீதம். செலவு 2200, தேறியது 95 கிலோ. அடக்கம் கிலோ 23 ரூபாய் 16 காசு. வழியில் ஓரிடத்தில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றினால் வாடகை 100 ரூபாய்தான். ஆனால் இரண்டு கட்டத்திலும் 8 சதவீதம் சேதாரம் என்றால், 100 கிலோ 92 ஆகி, பிறகு 84.64 ஆகிறது. செலவு 2100. அடக்கம் 24 ரூபாய் 81 காசு. வாடகையில் மிச்சம் பிடித்த வழியே அதிக விலை பிடித்த வழி!

சேதாரம் எவ்வளவு என்பதோடு, எந்த இடத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். நம் மாவட்டத்துப் புளியைப் பாருங்கள். முழுப் புளியில் ஏறத்தாழ 55 சதவீதம் சதை, 34 சதவீதம் கொட்டை, 11 சதவீதம் ஓடும் நாரும். கிலோவுக்கு 3 ரூபாய் வாடகையில் முழுப் புளியாக வெளியூர் அனுப்பினால், சதை கிலோ ஒன்றுக்கு வாடகை 5 ரூபாய் 45 காசு விழும். இங்கேயே ஓடும் கொட்டையும் நீக்கி அனுப்பினால் 3 ரூபாய்தான். கூலியும் நம் ஊர்ப் பெண்களுக்கே சேரும். கழிவை முதலில் கழித்துவிட்டுத்தான் வண்டி ஏற்ற வேண்டும்.

இது கடைக்காரர் மட்டும் போடும் கணக்கு அல்ல. பாதைகளின் வழியே சரக்கை எப்படி அனுப்புவது என்ற கணக்குக்கு அமெரிக்காவில் ஃபோர்டு, ஃபல்கர்சன் என்ற இருவர் 1956இல் ஒரு முறை வெளியிட்டார்கள். அதில் பாதையில் நுழைந்தது முழுதும் மறுமுனையில் வந்து சேரும். வழியில் குறைவதையும் கூடுவதையும் சேர்த்து 1962இல் வில்லியம் ஜூவல் எழுதினார். சரக்கு வழியில் குறையும், வட்டிக்கு விட்ட பணம் வழியில் கூடும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. இதில் அதிகபட்சச் சரக்கைக் கொண்டு சேர்ப்பதற்கு, எண்கள் எத்தனை பெரிதானாலும் பாதைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவு வேலையில் முடியும் ஒரு முறையை 2014இல்தான் லாஸ்லோ வேக் என்ற அறிஞர் கண்டார்.

அவர்கள் கையாளும் உத்திகளில் ஒன்று நமக்கும் எளிது. எல்லா இடத்துக் கிலோவையும் ஒரே கிலோவாகப் பார்க்காதீர்கள். கடைக்கு வந்து தேறும் கிலோவாக மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டாவது வழியில் மண்டியில் உள்ள 1 கிலோ, கடைக் கணக்கில் 846 கிராம்தான். இப்படி மாற்றி எழுதினால் எந்த வழி மலிவு என்று உடனே தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கு இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நமக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சரக்கு கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எடை போட்டு, ஏறியது, இறங்கியது, தேறியது என்று மூன்று பத்தியில் எழுத வேண்டும். தேறிய விகிதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்.

எடைச் சீட்டு இல்லாததால்தான் வழியில் யார் கையில் நடந்த சேதாரமும் கடைசியில் சில்லறைக் கடைக்காரர் தலையில் விழுகிறது. மண்டிக்காரர் மண்டி எடைக்குப் பணம் வாங்கிவிடுகிறார், வண்டிக்காரர் ஏற்றிய எடைக்கு வாடகை வாங்கிவிடுகிறார். ஆகவே கை மாறும் இடந்தோறும் எடைச் சீட்டு வேண்டும், அந்தந்தக் கட்டத்துச் சேதாரத்தை அந்தந்தக் கட்டத்தாரும் பங்கிட்டு ஏற்க வேண்டும் என்று நம் சங்கம் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திராமல், நோட்டு போடுவதை நாளைக் காலைச் சரக்கிலிருந்தே தொடங்கலாம்.