பெயிண்ட் அப்புறம், பைப் முதலில்!

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் எங்கே போவார்கள்? டிங்கரிங் கடைக்கு. பிறகு பெயிண்ட் கடைக்கு. அப்புறம் பம்பருக்குக் குரோமியம் பூசுகிற இடத்துக்கு. கடைசியில் சீட் தைக்கிறவரிடம். கையில் இருந்த பணம் இதிலேயே கரைந்துபோனதும், "வண்டி ஸ்டார்ட் ஆகுதுல்ல, அது போதும்" என்று ரோட்டில் இறக்கிவிடுவார்கள். பழைய கார் அணிவகுப்புகளிலும் இதே கதைதான். கூட்டம் பளபளப்பைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும். "பெட்ரோல் ஹோஸுக்கு எத்தனை வயசு சார்?" என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். பெயிண்ட் உரிந்த கார் ஓடும். பெட்ரோல் கசியும் கார் தீப்பிடிக்கும். தண்ணீர் இல்லாத கார் பாதி வழியில் இன்ஜினைக் காவு கொடுக்கும். அதனால் புதுப்பிக்கும் வேலையில் பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் பெட்ரோல் பாதையும் தண்ணீர்ப் பாதையும்தான்.

சென்னையில் பிறந்த கார்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதைத் தயாரித்தது. 948 சிசி இன்ஜின். பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

இதில் பெட்ரோல் டேங்க் பின்னால் டிக்கியில் இருக்கிறது. பம்பும் கார்புரேட்டரும் முன்னால். ஆகவே பெட்ரோல் காரின் அடிவயிறு முழுக்க ஒரு நீளமான உலோகக் குழாய் வழியாகப் பயணம் செய்து வர வேண்டும். அந்தக் குழாயைப் பம்போடு இணைக்கும் இடங்களில்தான் ரப்பர் வருகிறது. வெயில், சேறு, இன்ஜின் சூடு எல்லாம் படுவதும் அங்கேதான்.

பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். கேம்ஷாஃப்ட் சுழலும்போது உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும். அந்தச் சவ்வு கிழிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் போகலாம். பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயிலின் வழவழப்பு போய் பேரிங்குகள் தேயும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வரும். முகர்ந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

பெட்ரோலே மாறிவிட்டது

ஹெரால்டு ஓடிய காலத்துப் பெட்ரோல் இன்று இல்லை. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் அது 10 சதவீதமானது. 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. 1960களில் செய்த ரப்பரும் கார்க் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டால் பழைய ரப்பர் ஊதும், மெதுவாகும், பிறகு வெடிக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரிந்து துருவை வளர்க்கும். போதாததற்கு, டேங்கில் பல வருடமாகப் படிந்திருந்த பிசினையும் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

ஆகவே வேலை டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் வைப்பது, சாக்கடையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் மாற்றுவது போன்றது. டேங்க், குழாய், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியில் கார்புரேட்டர் என்று பெட்ரோல் வரும் வழியிலேயே வேலையும் வர வேண்டும். ஹோஸ் வாங்கும்போது தண்ணீர் ஹோஸையோ ஏர் ஹோஸையோ வெட்டி மாட்டக் கூடாது. எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். கிளிப்பை வெறியோடு இறுக்கினால் அது ரப்பரை அறுத்துவிடும். சைலென்சர் பைப்புக்குப் பக்கத்தில் ஹோஸ் போகவே கூடாது.

"வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?"

தண்ணீர்ப் பக்கம் நடப்பது இன்னொரு கூத்து. கார் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு! பல ஒர்க்‌ஷாப்புகளில் இதுதான் முதல் வைத்தியம். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் கதவு. சாதாரணமாக 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிராகவே ஓடும். பெட்ரோல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கும், தேய்மானம் கூடும். உண்மையான நோய் பெரும்பாலும் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருப்பதுதான். அந்த நோய் அப்படியே இருக்கும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டரிலும் படியும். "நம்ம ஊர்ல பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்கிறார்கள். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டுமல்ல, துருப்பிடிக்காமல் இருக்கவும்தான். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு எச்சரிக்கை: கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். வடித்த கூலன்டைக் குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் அது ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் கூட்டினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். "அப்படியானால் புது காரின் பெரிய அழுத்த மூடியையே போடலாமே?" என்று தோன்றும். குறைந்த அழுத்தத்துக்குச் செய்த பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று அதில் பிளந்துவிடும். பழைய காருக்கு அதற்கென்று குறித்த மூடிதான் சரி. கீழ் ஹோஸையும் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப் இழுக்கிற இழுப்பில் அது சப்பிப்போகாமல் இருக்கச் சில கார்களில் உள்ளே ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் ஹோஸை மாட்டினால், வேகமாகப் போகும்போது மட்டும் கார் சூடாகும். காரணம் தெரியாமல் மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வார்!

"ஒரிஜினாலிட்டி கெட்டுப்போகுமே?"

பழைய கார் பிரியர்களின் வழக்கமான வாதம் இது. அதில் நியாயமும் இருக்கிறது. பழையதைப் பழையதாகவே காப்பாற்றுவதுதானே நோக்கம்? 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகளும், 50 வயது தாண்டிய வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த விதியின் அக்கறை சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யக் கூடாது என்பதில்தான். ஹோஸும் டயாஃப்ரமும் தேய்ந்ததும் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஹெரால்டு ஷோரூமில் நின்ற அன்று அதன் ரப்பர் புதிதாகத்தான் இருந்தது. அறுபது வயது ரப்பரை வைத்திருப்பது எப்படி ஒரிஜினல் ஆகும்? பம்பின் பழைய உலோகக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே எத்தனால் தாங்கும் டயாஃப்ரம் போட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

"செலவாகுமே" என்பது அடுத்த வாதம். பெயிண்ட் வேலைக்கு ஆகும் செலவோடு ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட், மூடி எல்லாவற்றின் விலையையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பேசுங்கள்.

இதில் ஆபத்து கார் முதலாளிக்கு மட்டுமல்ல. "காலி டேங்க்தானே" என்று ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கச் சொல்கிறார்கள். காலி டேங்கில் பெட்ரோல் இல்லை, ஆவி இருக்கிறது. காற்றில் ஒன்றரை சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்த நேரத்தில் டேங்க் பக்கத்தில் நிற்பவர் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பையனாக இருப்பார். ஆவி முழுவதும் போகும்படி டேங்கைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைக்கச் சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். தாத்தாவின் கார் ஷெட்டில் நிற்கிற வீடுகளில் செய்ய வேண்டியது எளிது. பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டதா? மாவு போல அமுங்குகிறதா? அப்படியென்றால் கலர் தேர்ந்தெடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். தாத்தா ஓட்டிய நிறம் எங்கேயும் ஓடிப்போகாது.