மண்ணை நம்பிப் புறப்படுமுன்

நகர வாழ்வைத் துறந்து, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உண்பதைத் தாமே விளைவித்து வாழ வேண்டும் என்று கூறும் பெற்றோர் சிலரை அறிவேன். அவ்விருப்பத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், பிள்ளைகளின் வாழ்வும் அதில் அடங்கியிருப்பதால், இடத்தை மதிப்பிடும் முறையைப் பற்றிப் பேசுவது ஆசிரியரின் கடமை எனக் கருதுகிறேன்.

கேலாங் செராய், ஊபி ஆகிய பெயர்களை நம் மாணவர்கள் நாள்தோறும் பேருந்தில் படிக்கின்றனர். மலாயில் முன்னது எலுமிச்சைப் புல்லையும் பின்னது கிழங்கையும் குறிக்கும். இவ்வட்டாரம் ஒரு காலத்தில் விளைநிலமாக இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் (1942–1945) அரிசி அரிதானபோது, சிங்கப்பூர் மக்கள் மரவள்ளியை உண்டு பசியாறினர்.

அப்போது நடந்த மற்றொன்றும் நினைவுகூரத் தக்கது. உணவுச் சுமையைக் குறைக்க, 1943இல் நகர மக்களை மலாயாவின் காட்டுப்புறங்களில் குடியேற்றும் திட்டம் தொடங்கியது. சீனர்கள் ஜொகூரின் எண்டாவுக்கும், யுரேசியரும் கத்தோலிக்கச் சீனரும் நெகிரி செம்பிலானின் பகாவுக்கும் சென்றனர். பகாவின் மண் வளமற்றது, நீரும் போதவில்லை, மலேரியா வாட்டியது. எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்தோர் மண்வெட்டி பிடித்தனர். பலர் மாண்டனர். உடன் சென்ற ஆயர் டெவல்ஸும் 1945இல் உயிர்நீத்தார். எண்டாவின் நிலை ஓரளவு மேலாக இருந்தது. எனினும் கொரில்லாப் படையினரின் தாக்குதல் அங்கும் அமைதியைக் குலைத்தது.

அவர்களிடம் உழைப்பு இருந்தது. இடம்தான் பொருந்தவில்லை. வள்ளுவர் 'நாடு' அதிகாரத்தில் விளைச்சலோடு நீர்வளம், பிணியின்மை, பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தே எண்ணியதன் பொருள் இங்கு விளங்குகிறது.

ஆகவே, நிலம் பார்க்கச் செல்வோர் மழைக்காலப் பசுமையைக் கண்டு மயங்க வேண்டா. சித்திரை, வைகாசியில் சென்று கிணற்றை எட்டிப் பாருங்கள். மண்ணைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மருத்துவமனையும் பள்ளியும் எவ்வளவு தொலைவு என்று அளந்து பாருங்கள். அண்டை உழவர் எதைப் பயிரிட்டு, எதைக் கைவிட்டார் என்று கேளுங்கள். முதல் விளைச்சல் வரும்வரை அரிசிக்கு என்ன வழி என்பதைக் கணக்கிடுங்கள். சட்டத்தையும் மறத்தல் கூடாது: ஓசிஐ அட்டை உடையோருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்கப் பொது அனுமதி இல்லை, மரபுரிமையாகப் பெறலாம்.

இத்தனையும் பார்த்த பின்னரும், ஓராண்டேனும் அவ்வூரில் வாடகைக்குக் குடியிருந்து பார்ப்பதே அறிவுடைமை. பகாவுக்குச் சென்றவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை, நமக்கு இருக்கிறது. பள்ளிகளில் பகாவின் கதையைச் சொல்வோம். தன்னிறைவு என்பதைத் தோட்டத்துப் படமாக மட்டும் காணாமல், நீரும் நலமும் சேர்ந்த கணக்காகவும் பிள்ளைகள் காணட்டும்.