பெயர் துடைத்த பந்தயக் கார்கள்

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், கூர்முனை இடுக்கி, மெல்லிய தூரிகை, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி. பந்தயக் கார்களின் குட்டி மாடல்களைச் சேகரிப்பவர் வீட்டில் இவை நான்கும் ஒரே மேசையில் இருந்தால், அவர் ஏதோ பழைய ஃபார்முலா 1 காரை வாங்கியிருக்கிறார் என்று பொருள். முழு விலை கொடுத்தும் கார் முழுதாக வரவில்லை. மிச்சத்தை அவரே முடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 1988-ம் ஆண்டின் மெக்லாரன் எம்.பி.4/4. அந்த ஆண்டு நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற கார். அதை ஓட்டிய அயர்டன் சென்னாவுக்கு எட்டு, அலன் ப்ராஸ்டுக்கு ஏழு. இத்தாலியின் மோன்சாவில் மட்டும் வெற்றி பெராரிக்குப் போனது. 43-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் கார் சுமார் 10 செ.மீ. நீளம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிவப்பும் வெள்ளையும் அச்சு அசல். ஹோண்டா, ஷெல், குட்இயர் பெயர்கள் எல்லாம் பொடி எழுத்தில் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனால் மார்ல்பரோ என்ற சிகரெட் பெயர் கொட்டை எழுத்தில் இருந்த இடங்கள், சந்தைக்கு வந்த பல மாடல்களில் காலியாகவே விடப்பட்டிருக்கின்றன. புகையிலை விளம்பரத் தடைதான் காரணம்.

அதனால் சேகரிப்பாளர் அந்தப் பெயரைத் தனியாக வாங்குகிறார். ‘டீகால்’ எனப்படும் அந்த ஸ்டிக்கரை வெட்டித் தண்ணீரில் அரை நிமிடம் ஊறவிட்டால் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். மூச்சைப் பிடித்தபடி அதைப் பின் இறக்கையில் நகர்த்தி, பஞ்சுக்குச்சியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கோணினாலும் கண்ணை உறுத்தும். மறுபடி நனைத்து மறுபடி நகர்த்த வேண்டும்.

வளர்ந்த மனிதர்கள் ஒரு சிகரெட் பெயருக்காக இவ்வளவு மெனக்கெடுவது அபத்தமாகத் தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் புகையிலை ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் அதிகமானோரைக் கொல்கிறது. அதன் விளம்பரத்தைத் தடை செய்தது சரி. அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் நடந்து முடிந்த ஒரு பந்தயத்தின் பதிவிலிருந்து அந்தப் பெயரை எடுப்பது வேறு காரியம்.

சிகரெட் பணம் பந்தய உலகத்துக்குள் வந்த விதமே ஒரு சரித்திரம். அதுவரை கார்களுக்கு நாட்டு நிறங்கள்தான்: பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். 1968-ன் முதல் நாளில் தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் ஒரு தனியார் அணி கன்ஸ்டன் சிகரெட்டின் நிறத்தில் ஓடியது. சில மாதங்களில் லோட்டஸ் அணியே பச்சையைக் கைவிட்டு, கோல்ட் லீஃப் சிகரெட்டின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்துக்கு மாறியது. மே மாதம் ஸ்பெயினின் ஹராமாவில் கிரஹாம் ஹில் அந்தக் காரில்தான் வென்றார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு இந்த விளையாட்டின் பெரும் படியளப்பு புகையிலைதான். அந்த லோட்டஸை எழுத்து இல்லாமல் அலமாரியில் வைத்தால், பச்சை ஏன் சிவப்பானது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது.

பெயரை எடுத்தால் விளம்பரம் போய்விடுகிறதா என்றால், அதுவும் இல்லை. அந்தக் கால மெக்லாரன் கார்களின் சிவப்பு உண்மையில் சிவப்பே அல்ல. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு கலந்த ஒளிர் வண்ணம். தொலைக்காட்சித் திரையில் சிகரெட் பெட்டியின் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது காரின் நிறமே விளம்பரம். பெராரி தன் கார்களில் மார்ல்பரோ பெயரை நீக்கிவிட்டுப் பார்கோடு போன்ற கோடுகளைப் போட்டபோது, அது சிகரெட் பெட்டியைத்தான் நினைவூட்டுகிறது என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். பெராரி மறுத்தது. ஆனாலும் 2010 மே மாதம் ஸ்பெயின் பந்தயத்துக்கு முன்பு கோடுகளை அழித்தது. எழுத்தில்லாத எம்.பி.4/4-ஐப் பார்க்கும் ரசிகரின் மனம் விடுபட்டதைத் தானே எழுதிக்கொள்கிறது.

இதே சிக்கலை நம் நாடு வேறு இடங்களில் இன்னும் பக்குவமாகக் கையாண்டிருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் வில்ஸ் சிகரெட்டின் பெயர் இருந்தது. 1996-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் இலங்கையும் நடத்திய உலகக் கோப்பையின் பெயரே வில்ஸ் உலகக் கோப்பைதான். அந்த சிகரெட் நிறுவனம் 2001-ல் விலகிக்கொண்டது. அதற்காக அந்தக் காலப் புகைப்படங்களில் டெண்டுல்கரின் சட்டையை யாரும் வெள்ளையடிக்கவில்லை. சினிமாவிலும் அப்படித்தான். கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் காட்சி பழைய படத்தில் வந்தால், அது அப்படியே ஓடுகிறது. திரையின் கீழே எச்சரிக்கை வாசகமும் சேர்ந்து ஓடுகிறது.

மாடல் கார்களுக்கும் அப்படியொரு எச்சரிக்கை போதும். இங்கே பொம்மைக்கும் மாடலுக்கும் ஒரு கோடு கிழிக்க வேண்டியதுதான். பெட்டிக்கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் பிள்ளைகள் கை நீட்டிக் கேட்கும் குட்டிக் கார்களில் சிகரெட் பெயர் எந்தக் காலத்திலும் வரக்கூடாது. 1:43, 1:18 அளவு மாடல்களின் கதை வேறு. ‘இது பொம்மையல்ல, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு’ என்று அவற்றின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். குழந்தை கையில் கொடுத்தால் கண்ணாடியும் ஆன்டெனாவும் ஒரு மணி நேரம் தாங்காது, விலையும் ஆயிரங்களில். இத்தகைய மாடல்களில் கார் ஓடியது ஓடியபடி இருக்கட்டும். அது நிற்கும் கறுப்புப் பீடத்தில், காரின் பெயரும் ஆண்டும் பொறித்த இடத்துக்குக் கீழே, புகையிலை எச்சரிக்கையையும் கட்டாயமாகப் பொறிக்கலாம்.

இப்போதைய ஏற்பாட்டில் எச்சரிக்கைக்கு வாய்ப்பே இல்லை. தயாரிப்பாளர் பெயரை விட்டுவிடுகிறார். வேறொருவர் அதே பெயரைத் தாள் தாளாக அச்சடித்து விற்கிறார். வாங்குகிறவர் வரிசை வரிசையாக மார்ல்பரோ நிறைந்த அந்தத் தாளை வெட்டி, ஊறவைத்து, ஒட்டி முடிக்கிறார். சிகரெட் பெயர் காருக்குத் திரும்பிவிடுகிறது. புற்றுநோயைப் பற்றிய ஒரு வரியை அந்தத் தாளில் காண்பது அரிது.