வண்டி நின்றால்தான் ஆப்புக்கு வேலை

போன மாதம் திருத்தணி பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டப் போயிருந்தேன். கடைத் தம்பி வாசலில் நின்ற என் வண்டியை எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா, திருப்பதி, அரக்கோணம்னு தினம் ஓட்டறீங்க, ஹேண்டில்பார்ல ஒரு மவுண்ட் கூட இல்லியே? மவுண்ட் போட்டு அஞ்சாறு ஆப் ஏத்திக் குடுத்துடறேன். அப்புறம் நீங்க யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம். வழி, போலீஸ், மழை, ஆம்புலன்ஸ், எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்" என்றார்.

தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. பைக்காரர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பத்து ஆப்கள் என்று யூடியூபில் வரும் வீடியோக்கள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. நானும் ஆப்பே ஆகாது என்கிற ஆள் இல்லை. என் போனிலும் ஐந்து கிடக்கின்றன. 'அதுவே பாத்துக்கும்' என்பதில்தான் எனக்கு வழக்கு. ஆப் உதவுவது கிளம்புவதற்கு முன்பும், வண்டியை ஓரங்கட்டிய பின்பும். சக்கரம் சுற்றுகிறபோது அதற்கு அநேகமாக வேலையே இல்லை. தம்பி சொன்ன நான்கையும் அவர் சொன்ன வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் வழி. கூகுள் மேப்ஸ் இருசக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டலை 2017 டிசம்பரில் முதன்முதலில் கொண்டுவந்ததே இந்தியாவில்தான். கார் நுழையாத சந்துகளையும் குறுக்குவழிகளையும் அது காட்டும். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பர் 31 ராத்திரி எங்கள் ஊர் முருகன் கோயில் படித்திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வரும் பையன்களைப் பாருங்கள். 365 படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணா, மேப்பு இங்கதான் காட்டுது, மலைக்கு ரோடு எங்கே?" என்று பூக்கடைக்காரம்மாவின் மகனிடம் கேட்கிறார்கள். படி ஏறுகிறவருக்கும் வண்டியில் ஏறுகிறவருக்கும் வழி வேறு என்பதையும், கூட்ட நாளில் போலீஸ் எங்கே தடுப்பு போட்டிருக்கிறது என்பதையும் அந்தப் பையன்தான் சொல்கிறான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ரோட்டோரம் நடந்து வருகிற கூட்டத்துக்கு மேப்பில் ஒரு கோடுகூடக் கிடையாது.

இன்னொன்று, பெயர். சென்னை, திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று போகிறது தேசிய நெடுஞ்சாலை 716. பழைய ஆட்களுக்கு இன்னும் அது 205-தான். இந்த ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து கை பிசகினவர்களை வீட்டார் முதலில் கூட்டிப்போக நினைப்பது எலும்புக்குப் போடும் புத்தூர் கட்டுக்குத்தான். பதற்றத்தில் போனை எடுத்து வெறுமனே 'புத்தூர்' என்று தட்டிப் பாருங்கள். திருச்சியில் ஒரு புத்தூர் உண்டு, மங்களூர்ப் பக்கம் ஒரு புத்தூர் உண்டு. நகரிக்கு அப்பால் இருக்கிற ஊர்தான் நமக்கு வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் மேப்புக்கும் தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு தப்பபிப்பிராயமும் உலவுகிறது: சிக்னல் போனால் மேப்பும் போச்சு என்பது. போன் தன் இடத்தைக் கண்டுகொள்வது செயற்கைக்கோள்களிடமிருந்து வரும் சிக்னலைக் கேட்டு. அதற்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டேட்டா முக்கியமாகத் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கத்தான். கிளம்புமுன் வீட்டு வைஃபையில் திருத்தணி முதல் திருப்பதி வரைக்குமான வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்ப்புறச் சாலையில் சிக்னல் செத்துப் போனாலும் நீல நிறப் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். இதைச் செய்து வைத்திருக்கிற பைக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மவுண்ட் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

மவுண்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அது சட்டவிரோதம் என்று சிலர் பயமுறுத்துவது சரியில்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி, என்கிறது. 'மட்டும்' என்ற சொல்லைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அதே மவுண்ட்டில் வாட்ஸ்ஆப் மினுங்கும், வீட்டிலிருந்து கால் வரும், கிரிக்கெட் ஸ்கோர் ஓடும். வண்டி ஓட்டிக்கொண்டே போனை நோண்டினால் 2019 திருத்தச் சட்டப்படி முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அபராதத்தை விடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. திரையை இரண்டே நொடி பார்த்தால் 33 மீட்டர் போய்விடுகிறது. மூன்று அரசு பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அந்த நீளம் முழுக்க நாம் ரோட்டைப் பார்க்கவில்லை. குரல் வழிகாட்டலைக் கேட்டால் பார்க்கவே வேண்டாமே என்பார்கள். இந்த ரோட்டில் பின்னால் வரும் லாரியின் ஹாரனுக்கு எனக்கு இரண்டு காதும் தேவைப்படுகிறது. தவிர, திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு மனப்பாடம் செய்ய அப்படி எத்தனை திருப்பம் இருக்கிறது?

அப்புறம் நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் தொலைக்காட்சிச் செய்தியில் வெப்பப் பட்டியல் வாசிக்கும்போது வேலூரோடு திருத்தணி பெயரும் தவறாமல் வரும். 40 டிகிரி செல்சியஸ் எங்களுக்குப் புதிதல்ல. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். போன வருஷம் மே மாதம் என் மைத்துனர் மவுண்ட்டில் போனை மாட்டிக்கொண்டு என்னோடு நகரிக்கு வந்தார். பகல் ஒரு மணி. ஆந்திர எல்லை தாண்டி ஐந்து நிமிஷத்தில் திரை மங்கி, சூடு என்று ஒரு எச்சரிக்கை காட்டி, அணைந்தே போனது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. புளியமரத்து நிழலில் துண்டை நனைத்துப் பக்கத்தில் விசிறிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இதே ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் இன்னொன்றும் சொன்னது: அதிக சக்தியுள்ள மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறினால் கேமராவின் நிலைப்படுத்தும் பகுதி நாளடைவில் கெட்டுப்போகலாம், நேரடியாக மாட்டாதீர்கள் என்று. புல்லட் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

இரண்டாவது, போலீஸ். தம்பி சொன்னதில் பெரும்பாலும் உண்மையானது இதுதான். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ள ஓட்டுநர் உரிமமும் ஆர்சியும் அசல் ஆவணத்துக்குச் சமம் என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. இந்தியா முழுக்கச் செல்லும் என்பதால் பொன்பாடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் போனாலும் அதேதான். ஆனால் கேலரியில் இருக்கும் ஆர்சி போட்டோவும், மாமா வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஸ்கேனும் இந்தக் கணக்கில் சேராது. ரோட்டோரம் நின்று ஓடிபி வரவில்லை என்று விழிப்பதைவிட, வீட்டிலேயே ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்வது மேல்.

இதே இடத்தில் ஒரு கெட்ட ஆப்பும் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, விவரத்துக்கு இதை இறக்குங்கள் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். அரசாங்கம் அப்படி ஏபிகே அனுப்பாது. தட்டினால் போனில் வரும் ஓடிபி எல்லாம் வேறொருவன் கைக்குப் போகும், பின்னாலேயே வங்கிக் கணக்கும் போகும். தமிழில் 'ஆப்பு' என்றால் என்ன என்று அன்றைக்குப் புரியும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மழை விஷயத்தில் சண்டை இல்லை. வானிலைத் துறையின் மௌசம், மின்னலுக்கு தாமினி, தமிழக அரசின் டிஎன் அலர்ட் மூன்றுமே பயன்தான். கிளம்புமுன் ஒரு பார்வை போதும். தாமினி பக்கத்தில் மின்னல் என்றால் டீக்கடைக்குள் இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

நான்காவதுதான் எனக்குக் கவலை தருவது: விழுந்தால் போனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும் என்ற நம்பிக்கை. விபத்தைத் தானே கண்டறியும் வசதி 2022-ல் ஐபோன் 14-ல் வந்தது. அது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது: கார், வேன், ஜீப் வகை வண்டிகளின் பலத்த மோதலுக்கு. பைக் அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்காக அது செய்யப்படவில்லை. மேலும், மோதும்போது மவுண்ட்டிலிருந்த போன் எங்கே போய் விழும், நாம் எங்கே விழுவோம் என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

எல்லை ஊர்க்காரனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மண்ணுக்கு எல்லை தீர்ந்தது, டவருக்குத் தீரவில்லை. பொன்பாடிப் பக்கம் என் போன் சில நேரம் ஆந்திர டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் குறுஞ்செய்தி வாங்குகிறது. 108 சேவை ஆந்திரத்தில் 2005-லும் தமிழ்நாட்டில் 2008-லும் தொடங்கியது. எண் ஒன்று, கட்டுப்பாட்டு அறை இரண்டு. அழைப்பு எந்த அறைக்குப் போய் விழுந்தாலும் குழப்பம் வராமல் இருக்க, வாயைத் திறந்ததும் மாநிலம், ஊர்ப் பெயர், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், இந்த மூன்றையும் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லலாம். எந்தப் பக்கம் என்பது வைத்தியச் செலவுக்கும் முக்கியம்: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

ஆக, விழுந்தவனைக் காப்பாற்றுவது அவன் போன் அல்ல, அந்த வழியாக வந்து வண்டியை நிறுத்துகிற இன்னொரு ஆள். பொதட்டூர்பேட்டையிலிருந்து சேலைக் கட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வருகிற தறிக்காரராக இருக்கலாம். உதவ வந்தவரைக் கேஸில் இழுத்தடிக்கக் கூடாது என்று 2019 திருத்தத்திலேயே சட்டம் வந்துவிட்டது. அவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு உங்கள் போனின் பாஸ்வேர்ட் தெரியாது. பூட்டிய திரையிலேயே தெரிகிற மாதிரி அவசரத் தகவல் வைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. அதை நிரப்ப எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், காசும் வேண்டாம். பத்து ஆப் பட்டியல் போடுகிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

விட்டுப்போன ஒன்று: ஆந்திரத்தில் பெட்ரோல் நம்மைவிட லிட்டருக்குப் பல ரூபாய் கூடுதல். விலை காட்டும் ஆப்கள் இருக்கின்றன, பாருங்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, எல்லைக்கு இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைத் தம்பியிடம் மவுண்ட் வாங்கவில்லை. அவர் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பூட்டிய திரையில் முருகன் படம் இருந்தது, அவசர எண் இல்லை. அங்கேயே நின்று அவருடைய அம்மா எண்ணைப் போட வைத்தேன். இரத்த வகை என்ன என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. பர்ஸிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்து, அதில் இருந்ததைப் பார்த்துப் போட்டார்.