படத்தில் தோன்றாத முள்

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. எடுக்குமுன் அம்முள் எங்கேயுள்ளது என்று அறிய வேண்டுமன்றோ? அதனைப் பற்றியே ஈண்டுச் சில வார்த்தைகள் கூறப் புகுந்தோம்.

இக்கவலை புதியதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல், சரீரத்தில் புகுந்து நின்று வருத்தும் அந்நியப் பொருளைச் சல்லியம் என்று அழைக்கின்றது. மறைந்து நிற்கும் சல்லியத்தைக் காண அந்நூல் கூறும் உபாயங்களுள் ஒன்று, தோலின்மேல் உறைந்த நெய்யையோ சந்தனக் குழம்பையோ பூசுதலாம். எவ்விடத்தில் உட்சூட்டினால் நெய் உருகுகின்றதோ, சந்தனம் உலர்கின்றதோ, அவ்விடத்தில் சல்லியம் உண்டென்று கொள்வர். அறுக்குமுன் அறிய வேண்டும் என்னும் நியாயம் அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது.

அந்நியாயம் தவறியதற்கு அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் முடிவு ஓர் உதாரணம். 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி சுடப்பட்ட அவருடைய காயத்தை, வைத்தியர்கள் கழுவாத விரல்களாலும் கருவிகளாலும் துழாவினர். தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல், உலோகத்தை உணரும் மின்கருவி ஒன்றைக் கொண்டு தேடியும் குண்டு அகப்படவில்லை. காயம் சீழ்கொண்டு, செப்டம்பர் 19-ஆம் தேதி அவர் மாண்டார்.

1895-இல் ஜெர்மானியப் பேராசிரியர் ராண்ட்கன் எக்ஸ் கிரணங்களைக் கண்டுபிடித்தார். 1897-98-இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நிகழ்ந்த திரா யுத்தத்திலேயே, பீவர் என்னும் இராணுவ வைத்தியர் அக்கிரணங்களைக் கொண்டு காயமுற்றோர் உடலிற் புதைந்த குண்டுகளைக் கண்டறிந்தார். விரல் துழாவிய இடத்தில் ஒளி புகுந்தது.

ஆயினும், எக்ஸ் கிரணம் யாவற்றையும் காட்டும் என்று எண்ணுதல் பிழை. உலோகமும் கல்லும் படத்தில் தோன்றும். கண்ணாடித் துண்டும், மிக நுண்ணியதல்லாவிடின், பெரும்பாலும் தோன்றும். முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் தோன்றா. அவை கிரணத்தைத் தடுக்கும் அளவு சதை தடுக்கும் அளவினின்று மிகுதியும் வேறுபடாமையே காரணம்.

இனி நம் பக்கத்து ஊர்களை நோக்குவோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்து, வீராணம் ஏரிக்கரையில் உள்ள லால்பேட்டை வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போனது. அத்தகைய ஊர்களில் வெறுங்காலோடு உழைப்பவர் பாதத்தில் தைப்பது துப்பாக்கிக் குண்டன்று. கருவேல முள்ளும், மூங்கிற் சிராயும், முறிந்த குச்சியுமேயாம். அதாவது, படத்தில் தோன்றாதவையே அவர்களுக்கு வாய்த்த சல்லியங்கள். “படத்தில் ஒன்றுமில்லை” என்ற சொல்லை நம்பி அவர் வீடு திரும்பினால், புண் மேலே மூடும். உள்ளே சீழ் கட்டும். நீரிழிவினால் கால் மரத்தவராயின் வலியும் எச்சரிக்காது. ஒரு முள் பாதத்தையே இழப்பித்தல் கூடும்.

இதற்கு உபாயம் இல்லாமலில்லை. கருவுற்ற தாய்மாருக்கு ஸ்கேன் எடுக்கும் ஒலியலைக் கருவியே, தோலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் முள்ளை வெள்ளைக் கீற்றாகவும், அதன் பின்னே ஒரு நிழலாகவும் காட்டவல்லது. அதில் கிரணத் தீங்கும் இல்லை. “அது பழகிய கையை வேண்டுமே, காயத்திற் காற்றுப் புகுந்திருந்தால் ஏமாற்றுமே” என்று சிலர் ஆக்ஷேபிப்பர். மெய்தான். ஆகையால் கையைப் பழக்குக என்போமேயன்றி, கருவியை ஒதுக்குக என்னோம். கிராமங்களை அடுத்த சிறு ஆஸ்பத்திரிகளிலும், காயத்தை இவ்வாறு சோதிக்கப் பழகிய ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

வைத்தியம் பயிலாத மாணவர்க்கும் இதில் கடமையுண்டு. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், அவனைச் சத்திரத்திற் சேர்த்து, அவனுக்காகப் பேசவும் செய்தான். அவ்வாறே நாமும், காயமுற்ற அயலாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கால், தைத்தது யாது, அது முழுதும் வெளிவந்ததா என்பவற்றைத் தவறாமற் சொல்லுவோமாக. புண் நாட்பட ஆறாதிருப்பின், “உள்ளே ஏதேனும் உண்டோ?” என்று மீண்டும் வினவுவோமாக. படத்தில் இல்லாதது காலிலும் இல்லை என்று துணிதல் கல்விக்கு அழகன்று.