தூதுவர் வந்த வீதியும் எங்கள் வீதியும்

புருண்டி என்ற நாட்டின் பெயரை எம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆபிரிக்காவின் நடுவே உள்ள சிறிய நாடு. அங்கு பெரும்பாலானோர் அவரை, மரவள்ளி, வாழை செய்து சீவிக்கிற கமக்காரர். 1993இல் அங்கு உள்நாட்டுப் போர் தொடங்கியது. கிளர்ச்சிக்காரருக்கு இடங்கொடுக்கிறார்கள் என்று சொல்லி, அப்போதைய தலைநகர் புஜும்புராவைச் சுற்றியிருந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் கிராமத்தவரை 1999இல் அரசு முகாம்களுக்குள் தள்ளியது. தன் தோட்டத்தை எட்ட நின்று பார்ப்பது எப்படியென்று எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அந்த நாட்டுக்குப் பாப்பரசரின் தூதுவராக வந்தவர் பேராயர் மைக்கல் கோட்னி, அயர்லாந்துக்காரர். போரிட்டவர்களைப் பேச்சுக்குக் கொண்டுவர உழைத்தார். 2003 நவம்பரில் பெரிய கிளர்ச்சி அமைப்பு அரசுடன் உடன்பட்டது, எஃப்.என்.எல் என்ற அமைப்பு வெளியே நின்றது. டிசெம்பர் 29இல் ஒரு மரணச் சடங்குக்குப் போய்த் திரும்புகையில், தங்கனிக்கா ஏரிக்கரையில் மினாகோ என்ற இடத்தில் அவரது வாகனத்தைச் சுட்டார்கள். வைத்தியசாலையில் இறந்தார். வயது 58. அரசு எஃப்.என்.எல்லைக் குற்றஞ்சாட்டியது; அவர்கள் மறுத்தார்கள்.

வத்திக்கான் தூதுவர் என்பதால் உலகமே அந்தச் செய்தியைக் கேட்டது. அதில் எமக்குக் குறையில்லை. ஆனால் அதே வேலையைச் சிறிய பங்கொன்றில் செய்தவர்களுக்கு என்ன நடந்தது? 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்தது. தப்பியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டவர் பங்குக் குரு ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமை கழித்து, 20ஆம் திகதி, உடன் சென்றவரோடு காணாமற்போனார். கோட்னிக்குக் கல்லறையாவது உண்டு.

போர் முடிந்துவிட்டது, பழையதைக் கிளறினால் காணி கிடைப்பதும் தாமதமாகும் என்று எம்மவரே சிலர் சொல்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக வலிகாமம் வடக்குக் காணிக்குக் காத்திருப்பவர் அப்படிச் சொன்னால் அவரைக் கோபிக்க எமக்கு மனமில்லை. ஆனாலும் உடன்பட முடியவில்லை. எஃப்.என்.எல் 2006 செப்தெம்பரில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. அதனால் கோட்னியை யார் சுட்டார்கள் என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. மிதிவெடி எடுக்காத காணியைப் பத்திரத்தோடு தந்தால் நாம் அதில் மண்வெட்டி வைப்போமா? இரு தரப்புக்கும் நடுவே போனவரைக் கொன்றவர் யாரென்று கேட்காமல் விட்டால், நாளை எங்கள் காணிக்காக முகாம் வாசலுக்குப் பேசப் போக யார் துணிவார்?

குருமார் மாத்திரமல்ல. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் வெறுமையானதற்கு முன்னும் பின்னும், வெள்ளைத் துணியோடு முன்னே நடந்த விதானைமார், ஆசிரியர்கள், சங்கத் தலைவர்கள் பலர். அவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. உங்கள் ஊரில் அப்படிப் போனவர் யார், எந்த நாள், எந்த வீதியால், திரும்பி வந்தாரா என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பங்கிலோ சனசமூக நிலையத்திலோ கொடுத்து வையுங்கள். கண்ட முதியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.